பரவை வீடியோவுக்குக் கீழே

1

கயலுக்குத் தமிழ் வாசிக்க வந்துவிட்டது.

சனிக்கிழமை வகுப்பு நடத்தும் டீச்சர் போன் பண்ணிச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஜெர்மன் ஊரில் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். "உங்கட மகள் நல்ல கெட்டிக்காரி. இப்ப எழுத்துக் கூட்டாமலே வாசிக்கிறா. பேப்பரைக் குடுத்தாலும் வாசிப்பா. நீங்கள் சந்தோசப்பட வேணும்" என்றார்.

"ரொம்பச் சந்தோஷம் டீச்சர்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் வரைக்கும் நானும் எல்லோரையும் போலத்தான் ஊருக்குப் போன் பேசும்போது புலம்புவேன். பிள்ளைக்குத் தமிழ் ஏறவில்லை, எதைக் கேட்டாலும் ஜெர்மனில் பதில் வருகிறது என்று. அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் நாங்கள் வீட்டில் அதட்டுகிற தமிழ். வா, போ, உட்காரு, தொடாதே, சாப்பிடு, இங்க பாரு. மதுரைக்காரிக்கு வாய் அதிகம் என்பார்கள். என் வாயிலிருந்து என் மகள் பொறுக்கிக்கொண்டது அவ்வளவுதான்.

இப்போது வாசிக்கிறாள். எங்களைப் பற்றி ஊர் எழுதியதெல்லாம் தமிழில்தான் கிடக்கிறது. அது இன்னும் அழியவில்லை.

2

என் மகன் இனியன் போன வருடம் லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில் இறந்துபோனான். அவனுக்கு நாலு வயது. கயலுக்கு அப்போது பத்து.

என் அண்ணன் பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினான். நாங்கள் வந்திருக்கும்போதே பால் காய்ச்சிவிட வேண்டும் என்று, ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் வந்த முதல் முகூர்த்தத்தைக் குறித்துவிட்டான். வேலை முழுசாக முடியவில்லை. பக்கவாட்டில், தரைக்கடியில் தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டி, சம்ப் என்பார்களே, அதற்கு மூடி வந்து சேரவில்லை. கட்டட வேலைப் பலகை இரண்டைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். அது சம்ப் என்று எங்களுக்குத் தெரியாது. பலகை கிடக்கிறது என்றுதான் தெரியும்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுக்க ஆள் இல்லை என்று மதினி, அண்ணன் பெண்டாட்டி, என்னைக் கூப்பிட்டாள். கயல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். இனியன் மணலில் விளையாடினான். "தம்பியப் பாத்துக்கம்மா, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பாயச வாளியோடு அந்தப் பக்கம் வந்த மதினி, "அங்கிட்டுப் போயிராத ஆத்தா, ஒரே சகதியாக் கெடக்கு, பட்டுப்பாவாட வீணாப் போகும். அங்கனயே நில்லு" என்று கயலிடம் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு பேரும் ஆசையாகச் சொன்னதுதான்.

இனியன் பலகைமேல் ஏறிக் குதித்தான். அடியில் வெற்றிடம் இருப்பதால் தொம்மென்று சத்தம் வந்திருக்கிறது. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இன்னொரு தடவை குதித்தான். பலகை விலகிவிட்டது. அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

கயல் பந்திக்குள் ஓடிவந்தாள். பயத்தில் அவள் வாயில் ஜெர்மன்தான் வந்தது. "மாமா! மாமா!" என்று கத்தினாள். ஜெர்மன் பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடும். இவளும் பள்ளிக்கூடத்து வாசலில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், வீட்டுக்குள் வந்தால் அம்மா. பந்தியில் இருந்தவர்களுக்கு அது தெரியுமா? தாய்மாமனைத் தேடுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "மாமன் மாடியில இருக்காருத்தா. எதுக்கு இம்புட்டு அவசரம்? இந்தா, ஐஸ்கிரீம் தின்னு" என்று கப்பை நீட்டினார்.

கையை உதறிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் இருந்த என்னிடம் அவள் வந்து சேர்ந்தபோது நேரம் போயிருந்தது.

3

எதிர்த்த ஹார்டுவேர் கடையில் கேமரா உண்டு. அதிலிருந்து அந்தக் காட்சியை யார் எடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அது என் போனுக்கு வந்துவிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு சித்தப்பா அனுப்பியிருந்தார். "பெற்றோர்களே உஷார். அனைவருக்கும் பகிரவும்." யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

அந்தக் காட்சியில் நான் இல்லை. நான் பை கொடுத்துக்கொண்டிருந்த இடம் கேமராவுக்கு எட்டாது. கயல் இருக்கிறாள். பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. நிற்கிறாள், தம்பியைப் பார்க்கிறாள்.

அது இணையத்திலும் ஏறிவிட்டது. அதற்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் நான் வாசித்தேன். வாசிக்காதே என்றார்கள். பல்வலிக்காரி நாக்கை அங்கேயே கொண்டுபோகிற மாதிரி வாசித்தேன். "பெத்தவ எங்க போனா? ரீல்ஸ் எடுத்துக்கிட்டு இருந்திருப்பா." என் போன் மதினியின் அறையில் சார்ஜில் கிடந்தது, இதை யாரிடம் போய்ச் சொல்ல? "ஃபாரின்ல ஆயா பாத்துக்கும், இங்க யாரு பாத்துக்குவா?" ஆயா வைத்துப் பிள்ளை வளர்க்கிற வசதி எங்களுக்கு எந்தக் காலத்தில் இருந்தது! தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் அதே காட்சிக்குப் பின்னால் சோக வயலின் போட்டு, பிள்ளை வளர்ப்பு பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். அவருக்கு ஒரு குறையும் வராமல் நன்றாக இருக்கட்டும்.

என்னைச் சொன்னதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒருவர் இப்படி எழுதியிருந்தார். "அந்தப் பொண்ணைப் பாருங்க. செலையாட்டம் நிக்குது. தம்பி பொறந்ததுல இருந்து பொறாமையா இருந்திருக்கும். நல்லா விசாரிக்கணும்." அதற்கு விருப்பக்குறிகள் குவிந்திருந்தன. பதில்களும் இருந்தன. ஆமாம் சார், நானும் அதைத்தான் நினைத்தேன் என்று.

ஆஸ்பத்திரியிலேயே இது தொடங்கிவிட்டது. என் பெரியப்பா கயலைப் பார்த்து, "நீ எங்கத்தா பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டார். நம் ஊரில் அது கேள்வியா? அது திட்டு. அவளுக்கு அது கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறது. "தம்பியப் பாத்தேன்" என்றாள். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் குடும்பத் தோட்டத்தில் இனியனைப் புதைத்தோம். எங்கள் பக்கம் பெரியவர்கள் இறந்தால் கருமாதி வரைக்கும் பேசுவார்கள், அழுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள், அன்றோடு தலை முழுகிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது. அதனால் பேச்சு முடிய ஒரு நாளும் கிடையாது.

4

இனியன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சிம்மக்கல்லில் ஒரு கடையில் கொடுத்திருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் போய் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். படத்தைக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். மடியில் வைத்துக்கொண்டேன்.

"பரவைக்கா, அக்கா? அங்கனதான அந்தப் பிள்ள சம்ப்புக்குள்ள உழுந்துச்சு" என்றார் ஆட்டோக்காரர். "வீடியோ பாத்தீகளா?"

என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்தவளச் சொல்லணும்க்கா. பச்ச மண்ணு, அதத் தனியா விட்டுட்டு இவளுக்கு அங்க என்ன வேல? எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு. அன்னைக்கு ராவெல்லாம் தூக்கம் வரல." கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "நான் சொல்றது சரிதானக்கா?"

கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். தெரிந்துகொண்டுவிட்டார், வண்டியை நிறுத்தி ஆளைக் கூட்டப்போகிறார் என்று தோன்றியது. "ஆமாண்ணே. இவளுகளுக்கெல்லாம் எதுக்குப் பிள்ள?" என்றேன். என் குரல்தான். நன்றாக, ஓங்கியே சொன்னேன்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பரவையில் இறங்கும்போது ஆட்டோக்காரர், "கண்ணாடிச் சாமானாக்கா? பாத்துப் பிடிச்சு எறங்குங்க" என்றார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கெட்டவர்கள் சொன்னால் துடைத்துப் போட்டுவிடலாம்.

5

திரும்பி வந்தால் இங்கே ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் ஆளாளுக்குக் கேட்டுக் கொன்றார்கள், இங்கே கேட்காமல் கொன்றார்கள்.

கேட்டது அரசாங்கம்தான். நகராட்சி அலுவலகத்தில் இனியன் பெயரை நீக்க வேண்டும். மதுரையில் கொடுத்த காகிதங்களை மொழிபெயர்த்துக் கொண்டுபோனோம். போலீஸ் காகிதத்தில் சந்தேக மரணம் என்று இருந்தது. நம் ஊரில் தண்ணீரில் விழுந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டார். கவுன்டரில் இருந்த பெண் அதை மறுபடி வாசித்துவிட்டு, மெதுவாக, மரியாதையாக, "சந்தேகம் யார்மேல்?" என்று கேட்டார்.

என் ஜெர்மன் சாதாரண நாளிலேயே தடுக்கும். என் வீட்டுக்காரர்தான் ஏதேதோ சொல்லிப் புரியவைத்தார். இந்த ஊரில் பிள்ளைகள் நல இலாகா என்று ஒன்று உண்டு. அது பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நம் ஆட்கள் கூடும் இடமெல்லாம் கதை சொல்வார்கள். பாதி பொய். எந்தப் பாதி என்று தெரியாததுதான் பயம்.

அவர்கள் வந்தார்கள். வந்த அம்மாள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வரவில்லை, கயலோடு பேச வந்தார். தரையில் அவளோடு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். நான் டீ போடுகிற சாக்கில் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனில் ஷாவென் என்றால் கண்ணால் பார்ப்பது. ஆஃப்பாஸென் என்றால் ஒருவரைக் கவனித்துக்கொள்வது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நமக்கு இரண்டும் ஒரே சொல்லில் இருக்கிறது, பாரு, பாத்துக்க. கயல் அந்த அம்மாளிடம் ஷாவென் என்றாள். "அம்மா தம்பியைப் பார்க்கச் சொன்னாள். அத்தை அங்கேயே நிற்கச் சொன்னாள். நான் நகரவே இல்லை. கண்ணை எடுக்கவே இல்லை. அவன் விழுகிறவரைக்கும் பார்த்தேன்" என்றாள். சொன்னபடி செய்தும் ஏன் இப்படி ஆனது என்று அவளுக்குப் புரியவில்லை.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாளுக்கு விளங்கியிருக்காது. எனக்கு விளங்கிவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

6

அதற்குப் பிறகுதான் கயல் தானாகவே தமிழ் வகுப்புக்குப் போக வேண்டும் என்றாள். முன்பு சனிக்கிழமை வந்தால் வயிற்றுவலி வரும் பிள்ளை.

முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பி இருக்கும் மண்ணின் பேச்சு வேண்டும் என்று நினைக்கிறாள் போல என்று கண் கலங்கினேன். அந்த வீடியோ நினைவுக்கு வந்த அன்றைக்கே கலக்கம் வேறாகிவிட்டது. அதை நீக்கச் சொல்லி முறையிட்டேன். நீக்கினார்கள், வேறொருவர் ஏற்றினார். அதற்கும் எழுதினேன், அது இன்னும் அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் போகும் பள்ளிக்கு மாறியதால் கயலுக்குப் போன் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவள் குளிக்கப் போனால் அதை எடுத்துப் பார்ப்பேன். பூட்டைத் திறக்கிற எண் தெரியாது. வைத்துவிடுவேன்.

வீட்டில் அவளோடு ஜெர்மன் பேசத் தொடங்கினேன். அவள் தமிழில் கேட்பாள், நான் தப்பும் தவறுமான ஜெர்மனில் பதில் சொல்வேன். அவளே திருத்துவாள்.

"கொஞ்ச நாளைக்கு வகுப்பை நிப்பாட்டுவோங்க" என்று இவரிடம் சொன்னேன்.

"ஊரு உலகத்துல எல்லாரும் பிள்ளைக்குத் தமிழ் வரலேன்னு அழுகுறாக. வந்துருச்சுன்னு அழுகுற மொத ஆளு நீதான்" என்றார்.

"அந்தப் பொறாமைங்கிறத அவ படிச்சுட்டா என்ன செய்வீக?"

அப்படி ஒருவர் எழுதியிருப்பதே அவருக்குத் தெரியாது. வீடியோவை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என்னவென்று கேட்டார். சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே கழுவிவிட்டார்.

7

டீச்சர் போன் பண்ணிய மறுநாள், தோசைக்கு நடுவில் கயல் கேட்டாள்.

"அம்மா, பெத்தவ அப்டின்னா யாரு?"

அந்தச் சொல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. புத்தகத்தில் பெற்றோர் என்றுதான் இருக்கும்.

"எங்கத்தா படிச்ச?"

"தம்பி வீடியோல." மறைக்க வேண்டிய காரியம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"எம்புட்டுப் படிச்ச?"

"எல்லாம். மெதுவா மெதுவா. அதுக்குத்தானே கிளாஸ் போறேன்." தோசையைப் பிய்த்தாள். "பொறாமை தெரியல. டீச்சர்கிட்ட கேட்டேன், சொன்னாங்க. அது தப்பும்மா. எனக்கு இனியன் மேல அது இல்ல."

இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். தமிழில் அடித்து வைத்திருந்தாள். இன்னும் அனுப்பவில்லை. எழுதியிருந்தபடியே தருகிறேன்.

"என் அம்மா போன் பாக்கவில்லை. அம்மா பை குடுத்தாள். அம்மா தம்பியை பாத்துக்க சொன்னாள். நான் பாத்தேன். அம்மாவை திட்டாதிங்க. என்னை திட்டுங்க. கயல்."

"இதுல பாத்தேன் சரியா, பார்த்தேன் சரியா?" என்று கேட்டாள். "எழுதும்போது ர் போடணும்னு டீச்சர் சொன்னாங்க. தப்பா எழுதினா சிரிப்பாங்க."

எனக்குப் பதில் தெரியும். சொன்னால் அனுப்பிவிடுவாள். அனுப்பினால் அந்த விருப்பக்குறிக்காரர்களுக்கெல்லாம் ஒரு பெயர் கிடைத்துவிடும்.

போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "கயல், உன்னத் திட்ட ஒண்ணுமே இல்ல. நாங்க சொன்னதத்தான் நீ செஞ்ச. தம்பியக் கவனிச்சுக்கன்னு நான் சொன்ன சொல்லு உனக்குத் தம்பியப் பாருன்னு கேட்டிருக்கு. நீ எங்களத்தான் கூப்பிட்ட, எங்களுக்குத்தான் வெளங்கல" என்றேன். ஜெர்மனிலும் சொன்னேன், ஆஃப்பாஸென் என்ற சொல்லைப் போட்டுச் சொன்னேன். அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அழுதாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான்.

அழுது முடித்துவிட்டு, "அப்ப அவங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

"நான் எழுதுறேன். என் பேருல எழுதுறேன்."

"உனக்குப் பயம் இல்லையா?"

"இருக்கு" என்றேன்.

ஆட்டோவில் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன். அந்த வீடியோவில் நிற்கிற பெண் என் மகள். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். பார்க்கச் சொன்னவனைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த மொழியில் அம்மாவைக் கூப்பிட்டாள். உங்களில் யார் வீட்டிலும் பால் காய்ச்சும் நாளில் பிள்ளைகள் நிற்கும், யாராவது பை கொடுக்கக் கூப்பிடுவார்கள்.

இது இணையத்தில் வரப்போகிறது, கீழே வாசகர்கள் கருத்து எழுத இடம் இருக்கும் என்று இதை வாங்கிக்கொண்ட இதழ்க்காரர்கள் சொன்னார்கள். அதை அடைத்துவிடச் சொல்லட்டுமா என்று கயலிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

எழுதுங்கள். பிள்ளை வாசிப்பாள்.